ஓடுறப்பவே காப்பி எடுத்துருங்க: பழைய மெஷின் கேள்வி-பதில்

இந்த மாசம் வந்த கடிதம் எல்லாமே பழைய கம்ப்யூட்டர், பழைய மெஷின் பத்தித்தான். 30 வருஷத்துக்கு மேல சர்வீஸ் வேலை பாத்தவன்ங்குறதால எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிச்ச விஷயம். கடைசி கேள்விய மட்டும் எல்லாரும் படிச்சிருங்க.

மதுரையிலருந்து ஒரு இரும்புக் கடைக்காரர்: 1996ல ஃபாக்ஸ்ப்ரோங்குற டேட்டாபேஸ் மென்பொருள்ல எழுதி வாங்கின பில்லிங் புரோகிராம் இன்னும் ஓடுது சார். எழுதிக் குடுத்தவரு தவறிட்டாரு. கம்ப்யூட்டர் இப்ப அடிக்கடி ஹேங் ஆகுது. புதுசு வாங்கி அதுல போட்டா ஓட மாட்டேங்குது. என்ன பண்றது?

புது கம்ப்யூட்டர் கத அப்புறம் இருக்கட்டும். இதப் படிச்சு முடிச்ச கையோட டேட்டா இருக்குற ஃபோல்டர மட்டும் எப்படியாவது வெளிய எடுத்துருங்க, அதுக்கு அப்புறம்தான் ஆஃப் பண்ணணும், ஏன்னா பழைய ஹார்டு டிஸ்க் சிலது ஒருதடவ ஆறிப்போச்சுன்னா திரும்பச் சுத்தாது. அதுக்கப்புறம் டிஸ்க்க கழட்டி ஐடிஇ-யுஎஸ்பி கன்வர்ட்டர்ல மாட்டி மொத்த டிஸ்க்கையும் இமேஜா, அதாவது உள்ள இருக்குறது எல்லாம் அப்படியே ஒரே ஃபைலா எடுக்கச் சொல்லுங்க. ஃபைல் ஃபைலா காப்பி பண்ணா போதாது, அந்த புரோகிராம் எந்த மூலைல எத எழுதி வச்சிருக்குன்னு இப்ப சொல்றதுக்கு ஆளில்ல, கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி விட்டுப்போனாலும் பின்னாடி வாரக்கணக்குல தேடணும். "தீபாவளி வியாபாரம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டு பாக்கிக் கணக்கு மொத்தத்தையும் தொலைச்ச கடைங்கள என் கண்ணால பாத்திருக்கேன்.

காப்பி எடுக்குறப்ப கணக்கு இருக்குற டிபிஎஃப் ஃபைல் மட்டும் போதும்னு சிலர் சொல்லுவாங்க, கேக்காதீங்க. பக்கத்துலயே எஃப்பிடின்னு முடியுற ஃபைல் இருந்தா அதுவும் வரணும், நீளமா எழுதுற குறிப்பு எல்லாம் அதுலதான் இருக்கும். சிடிஎக்ஸ் இண்டெக்ஸ் போனாக்கூட திரும்பக் கட்டிக்கலாம், எஃப்பிடி போனா போனதுதான். பிஆர்ஜின்னு முடியுற ஃபைல் ஏதாவது கண்ல பட்டா அத தனியா பத்திரமா எடுத்து வைங்க, அதுதான் எழுதினவரோட கையெழுத்துப் பிரதி மாதிரி, அது இருந்தா ஃபாக்ஸ்ப்ரோ தெரிஞ்ச இன்னொருத்தரால மாத்த முடியும். இன்னொரு யோசனை, 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தப்ப பழைய வாட் வரிக் கணக்க எடுத்துட்டு யாரோ ஒருத்தர் இந்த புரோகிராம மாத்திக் குடுத்திருக்கணும் இல்லயா, அவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கும், பழைய பில் கட்டுல தேடினா அவரு நம்பர் கிடைக்கலாம்.

புதுசுல ஏன் ஓடலன்னா, விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல எழுதினது 16-பிட் புரோகிராம், இப்ப வர்ற விண்டோஸ் எல்லாம் 64-பிட், அதுல 16-பிட்ட ஓட்டுற பகுதியே கிடையாது. 32-பிட் விண்டோஸ் 10 இருந்தா நேராவே ஓடும், ஆனா அதுக்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11ல 32-பிட்டே வரல. அதனால பழைய டாஸ் மாதிரியே நடிக்குற விடாஸ் மாதிரி ஒரு புரோகிராமுக்குள்ள வச்சு ஓட்டுறதுதான் நல்லது. டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதத்தான் எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க, ஆனா அது பழைய கேம் ஆடுறதுக்காக எழுதினது, கணக்கு வழக்குக்கு அத நம்பாதீங்க. விடாஸ் ஆபீஸ் வேலைக்குன்னே செஞ்சது, ரெண்டு கம்ப்யூட்டர்லருந்து ஒரே டேட்டாவ தொட்டாலும் லாக் பண்ணும், பிரிண்ட்டும் எடுக்கும். திறந்த உடனே வகுத்தல் பிழைன்னு ஒரு மெசேஜ் வந்து நின்னா பயந்துராதீங்க. அந்தக் காலத்து புரோகிராம் சிலது ஆரம்பிக்குறப்ப ஒரு சின்ன லூப் ஓட்டி கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம்னு நேரத்தால வகுத்துப் பாக்கும், இப்ப இருக்குற வேகத்துல அந்த நேரம் பூஜ்யமாவே வந்துருது, பூஜ்யத்தால வகுக்க முடியாம நின்னுருது, அவ்வளவுதான். வேகத்த குறைச்சு வச்சா ஓடும், அதுக்குன்னு பேட்ச்சும் உண்டு.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர தூக்கிப் போட்றாதீங்க. கார்பன் வச்சு மூணு காப்பி அடிக்க அத விட்டா வேற ஆளில்ல, ரிப்பன் இன்னும் கிடைக்குது.

திருப்பூரிலருந்து எம்ப்ராய்டரி யூனிட் வச்சிருக்குற ஒரு அக்கா: மெஷின் நல்லா ஓடுது, டிசைன் ஏத்த ஃப்ளாப்பி தான் கிடைக்கல. கிடைக்குறதும் நாலு தடவைல கெட்டுப் போகுது.

அக்கா, ஃப்ளாப்பி செஞ்ச பெரிய கம்பெனிகள்ல கடைசியா நின்ன சோனியே 2011ல நிறுத்திட்டாங்க, இப்ப கடையில வர்றது எல்லாம் எங்கயோ கிடந்த பழைய ஸ்டாக். அதுக்கு காசு செலவு பண்ணாம டிரைவையே மாத்திருங்க. கோடெக்னு ஒரு எமுலேட்டர் வருது, ஃப்ளாப்பி டிரைவ் இருந்த அதே இடத்துல, அதே கேபிள்ல உக்காரும், முன்னாடி பென்டிரைவ் சொருகுற வாய் இருக்கும், ஒரே பென்டிரைவுல நூத்துக்கணக்கான ஃப்ளாப்பிய நம்பர் போட்டு வச்சுக்கலாம். மெஷினுக்கு தன்கிட்ட பேசுறது ஃப்ளாப்பி இல்லன்னே தெரியாது.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க மெஷின் 720 கேபி ஃப்ளாப்பி படிக்குதா 1.44 எம்பி படிக்குதான்னு பாத்துருங்க, மாத்தி வாங்கினா வேலை செய்யாது. 720 கிடைக்காதப்ப 1.44 ஃப்ளாப்பியோட ஓட்டைல டேப் ஒட்டி ஏமாத்துவாங்க, நீங்களும் பண்ணிருப்பீங்கன்னு நினைக்குறேன், அதனாலதான் நாலு தடவைல போகுது. ரெண்டுலயும் பூசியிருக்குற காந்தப் பூச்சே வேற, எழுதினது நிக்காது.

பழைய டிசைன் இருக்குற ஃப்ளாப்பி எல்லாத்தையும் மாத்துறப்ப ஒண்ணு மட்டும் கவனம். நம்ம ஊரு ஈரத்துல உள்ள வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கும், ஷட்டர நகத்தால தள்ளி பாத்தா தெரியும். அத அப்படியே டிரைவுல போட்டா ஹெட்டுல ஒட்டி அடுத்து போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிரும். பூஞ்சை இருக்குறத தனியா ஒதுக்கி, நல்லத மொத்தமும் எடுத்து முடிச்ச பிறகு கடைசியா தொடுங்க, அதுவும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு.

கோயம்புத்தூர், கணபதியிலருந்து ஒரு லேத் ஒர்க்‌ஷாப் முதலாளி: எங்க சிஎன்சி, அதான் கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின், ஃபேனக் கம்பெனியோட 0 மாடல் கண்ட்ரோல். திரைல பேட்டரி அலாரம் மினுக்குது. ஞாயித்துக்கிழமை மெஷின ஆஃப் பண்ணிட்டு மாத்தலாமா?

மாத்தாதீங்க! ஆஃப் பண்ணி மாத்தவே மாத்தாதீங்க, மெஷின் ஆன்ல இருக்குறப்பத்தான் மாத்தணும்.

இத ஏன் இவ்வளவு சத்தமா சொல்றேன்னா, உங்க ஊர்லயே ஒரு ஒர்க்‌ஷாப்புல, பேரு வேணாம், ஞாயித்துக்கிழமை மெயின ஆஃப் பண்ணி சுத்தபத்தமா பேட்டரிய மாத்தி திங்கக்கிழமை காலைல ஆன் பண்ணாங்க, திரைல அலாரமா கொட்டுது, மெஷினுக்கு தனக்கு எத்தன அச்சு இருக்குன்னே தெரியல. அந்த பேட்டரி எதுக்குன்னா, புரோகிராம், ஆஃப்செட், பாராமீட்டர் எல்லாம் இருக்குற ராம் மெமரிய மெயின் கரண்ட் இல்லாத நேரத்துல உயிரோட வச்சுக்கத்தான், ரெண்டும் இல்லாத அந்த ஒரு நிமிஷத்துல எல்லாம் அழிஞ்சு போச்சு. பாராமீட்டர் அச்சடிச்ச தாள் கேபினட் கதவுக்குள்ள இருந்திருக்கணும், எண்ணெய் ஊறி கிழிஞ்சு எப்பவோ போயிருச்சு. நான் போய் நின்னப்ப அந்த ஆபரேட்டர் தம்பி அழுதுட்டு நின்னான், அவன் தப்பே இல்ல, யாரும் அவனுக்குச் சொல்லல. அதே மாதிரி இன்னொரு மெஷின் எங்க இருக்குன்னு தேடி, அதுலருந்து பாராமீட்டர எழுதிட்டு வந்து, பேக்லாஷ் (திருப்புறப்ப வர்ற ஆட்டம்), ரெஃபரன்ஸ் பாயிண்ட் எல்லாம் டயல் கேஜ் வச்சு திரும்ப அளந்து போட்டு மெஷின் ஓட ஆரம்பிக்க 11 நாள் ஆச்சு.

அதனால பேட்டரிக்கு முன்னாடி காப்பி. ஆர்எஸ்-232 கேபிள் போட்டு லேப்டாப்புக்கு பாராமீட்டர், புரோகிராம் எல்லாத்தையும் இறக்குங்க, ரெண்டு பக்கமும் பாட் ரேட் (தகவல் போற வேகம்), பாரிட்டி (பிழை பாக்குற முறை) ஒரே மாதிரி இருக்கணும். கேபிள் மாட்டுறப்ப மட்டும் ரெண்டையும் ஆஃப் பண்ணிக்கணும், எர்த் வித்தியாசத்துல போர்ட் சிப் புகைஞ்சிரும். கேபிள் இல்லன்னா மொபைல எடுத்து பாராமீட்டர் பக்கம் ஒவ்வொண்ணையும் போட்டோ பிடிங்க, முக்கியமா 900ல தொடங்குற ஆப்ஷன் பாராமீட்டர், அது ஒவ்வொரு மெஷினுக்கும் தனி, இன்னொரு மெஷின பாத்து போட முடியாது. அப்புறம் மூணு டி சைஸ் ஆல்கலைன் செல் வாங்கி, திசை பாத்து, மெஷின் ஆன்ல இருக்க மாத்துங்க. அலாரம் வர்றதுக்கு காத்திருக்காம வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மாத்திருங்க, அந்த நாள் யாருக்கும் மறக்காது.

திருநெல்வேலியிலருந்து பிளஸ் டூ படிக்குற ஒரு தம்பி: வாயேஜர் 1 விண்கலம் கெட்டுப் போய் திரும்ப சரியாச்சுன்னு படிச்சேன். அவ்வளவு தூரத்துல இருக்குறத எப்படி சார் ரிப்பேர் பண்ணாங்க?

தம்பி, இந்தக் கேள்விக்கு பதில் எழுதத்தான் நான் இந்த மாசம் பூரா காத்திருந்தேன்.

1977 செப்டம்பர் 5ல நாசா ஏவினது வாயேஜர் 1. 2023 நவம்பர்ல திடீர்னு அதுலருந்து வர்ற தகவல் அர்த்தமில்லாம போச்சு, ஒண்ணும் பூஜ்யமும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருது. சிக்னல் வருது, அப்ப உயிர் இருக்கு, ஆனா பேச்சு குழறுது. அதுல மூணு வகை கம்ப்யூட்டர் இருக்கு, அதுல ஒண்ணுதான் எல்லா கருவிகிட்டயும் இருந்து தகவல வாங்கி கட்டி பூமிக்கு அனுப்ப குடுக்குறது, கோளாறு அதுலதான்னு கண்டுபிடிச்சாங்க. இத எழுதி வடிவமைச்சவங்க பல பேரு இப்ப இல்ல, அதனால பத்து பத்து வருஷமா தூங்கின பழைய தாள்கள எடுத்து வச்சுத்தான் படிச்சாங்க. 2024 மார்ச்சுல ஒரு கமாண்ட் அனுப்பி லேசா தட்டிப் பாத்தாங்க, பதிலா வந்த குழப்பத்துக்குள்ள அந்தக் கம்ப்யூட்டரோட மெமரி முழுசும் அப்படியே இருந்துச்சு. முன்னாடி நல்லா இருந்தப்ப எடுத்து வச்ச பழைய காப்பியோட அத ஒப்பிட்டுப் பாத்து எந்த இடம் செத்துருச்சுன்னு பிடிச்சாங்க. ஒரே ஒரு சிப், மெமரில சுமார் 3 சதவீதம்.

சிப்ப மாத்த முடியாது, அப்பவே சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருந்துச்சு. அந்த சிப்புல இருந்த கோட வேற இடத்துக்கு மாத்தலாம்னா, மொத்தமா வைக்குற அளவுக்கு காலி இடம் ஒரே இடத்துல இல்ல. அதனால துண்டு துண்டா வெட்டி கிடைச்ச சந்துல எல்லாம் சொருகி, ஒரு துண்டு முடிஞ்சதும் அடுத்த துண்டு எங்க இருக்குன்னு விலாசத்த எல்லாம் திருத்தி, ஏப்ரல் 18ந்தேதி முதல் துண்ட அனுப்பினாங்க. கமாண்ட் போய்ச் சேர 22 மணி நேரம் 30 நிமிஷம், பதில் வர இன்னொரு 22 மணி நேரம் 30 நிமிஷம். ஏப்ரல் 20ந்தேதி பதில் வந்துச்சு, அஞ்சு மாசத்துக்கு அப்புறம் விண்கலம் தன் உடம்பு எப்படி இருக்குன்னு ஒழுங்கா சொல்லிச்சு. அந்த அறையில இருந்தவங்க கைதட்டி சிரிக்குற போட்டோ ஒண்ணு வந்துச்சு, கிடைச்சா பாருங்க. ஜூன்ல நாலு கருவியும் அறிவியல் தகவல் அனுப்ப ஆரம்பிச்சிருச்சு.

நீங்க என்ஜினியரிங் சேந்தா ஒண்ணு மனசுல வைங்க தம்பி. அவங்கள காப்பாத்தினது பழைய தாளும், நல்லா இருந்தப்ப எடுத்து வச்ச காப்பியும். மேல கணபதிக்காரருக்குச் சொன்னதும் அதேதான், அவருது லேத், இது விண்கலம். இன்னொரு பக்கம், அதுல இருக்குற அணு மின்கலம் வருஷத்துக்கு சுமார் 4 வாட் குறைஞ்சுட்டே வருது, அதனால ஒவ்வொரு கருவியா அணைச்சு அணைச்சு ஓட்டுறாங்க, எத அணைக்குறதுன்னு முடிவு பண்றது எவ்வளவு வலியான வேலைன்னு நினைச்சுப் பாருங்க.

சேலத்துலருந்து ஒருத்தர்: 10 வருஷமா நிறுத்தாம ஓடின கண்ட்ரோலர் கரண்ட் போய் வந்ததும் எழும்பல. ஓடுறப்ப ஒரு குறையும் இல்லயே?

பவர் சப்ளைல எழுப்பி விடுறதுக்குன்னே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், அது உள்ள காய்ஞ்சு போயிருக்கும், ஓடிட்டு இருக்குற வரைக்கும் வெளிய தெரியாது, நின்னாத்தான் தெரியும். சில ரூபா பொருள்தான், மாத்தினா எழும்பிரும். 2,000 மணி நேரம் 105 டிகிரின்னு போட்டிருக்குற கெப்பாசிட்டர், சூடு 10 டிகிரி குறையக் குறைய ரெண்டு மடங்கு உழைக்கும், 65 டிகிரில நாலு வருஷம் கூட வராது, 45 டிகிரில 14 வருஷம் தாண்டும். அதனால கேபினட்டுல ஃபேன் ஓடுதா, ஃபில்டர்ல பஞ்சு அடைச்சிருக்கான்னு மாசம் ஒருதடவ பாருங்க.

சென்னையிலருந்து ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரி: இன்னும் பல நாட்டு வங்கிகள் கோபோல்ல ஓடுதுங்குறாங்க. 1959ல தொடங்கின மொழி. ஏன் ஐயா மாத்தாம இருக்காங்க?

சோம்பேறித்தனம்னு நிறைய பேரு நினைக்குறாங்க, நான் அப்படி நினைக்கல. 60 வருஷமா ஒவ்வொரு சட்டம் மாறுறப்பவும், ஒவ்வொரு வட்டி விதி மாறுறப்பவும் யாரோ ஒருத்தர் நாலு வரி சேத்திருப்பாங்க, அது ஏன்னு எங்கயும் எழுதியிருக்காது, அந்த கோடுதான் இப்ப அந்த வங்கியோட ஞாபகமே. ஐபிஎம் 1964ல சிஸ்டம்/360ங்குற பெரிய கம்ப்யூட்டர விட்டப்ப எழுதின புரோகிராம இன்னிக்கு இருக்குற மெயின்ஃப்ரேம்லயும் (வங்கிகள் வச்சிருக்குற பெரிய கம்ப்யூட்டர்) ஓட்ட முடியுற மாதிரி பாத்துக்கிட்டாங்க, அதனால மாத்த வேண்டிய அவசரமும் வரல.

மாத்தப் போனா என்ன ஆகும்னு பிரிட்டன்ல டிஎஸ்பி வங்கி பட்ட பாட்ட பாருங்க. 2018 ஏப்ரல்ல ஒரே வார இறுதியில பழைய சிஸ்டத்த விட்டு புதுசுக்கு மொத்தமா மாறினாங்க, 19 லட்சம் பேரு தங்களோட கணக்குக்குள்ள போக முடியாம தவிச்சாங்க, சம்பளம் எடுக்க முடியல, சிலருக்கு அடுத்தவங்க கணக்கு தெரிஞ்சது. 2022ல 4.86 கோடி பவுண்டுக்கு மேல அபராதம் போட்டாங்க. அதுக்காக அப்படியே விடுறதும் சரியில்ல. 2020 ஏப்ரல்ல கொரோனா நேரத்துல வேலை போனவங்க உதவித் தொகைக்கு குவிஞ்சப்ப அமெரிக்காவுல நியூஜெர்சி கவர்னரே கோபோல் தெரிஞ்சவங்க வாங்கன்னு வெளிப்படையா கேக்க வேண்டியதாப் போச்சு. சென்னையில ஒய்டூகே (2000ம் வருஷத் தேதிச் சிக்கல்) நேரத்துல கோபோல் படிச்சு வேலைக்குப் போன பசங்க எத்தன பேரு, அவங்களே இப்ப ஓய்வு வயச நெருங்குறாங்க. அவங்க பக்கத்துல ரெண்டு இளசுகள உக்கார வைக்கணும்ங்குறதுதான் என் கருத்து.

தஞ்சாவூரிலருந்து சிற்றிதழ் நடத்தின ஒருத்தர்: 1998லருந்து பேஜ்மேக்கர்ங்குற பக்க வடிவமைப்பு மென்பொருள்ல செஞ்ச இதழ்கள் சிடில இருக்கு. திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது.

உங்க எழுத்து எங்கயும் போகல, கவலப்படாதீங்க. அந்தக் காலத்து ஃபாண்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, இல்லன்னா ஐரோப்பிய எழுத்து, குறி இருக்குற இடத்துல தமிழ் உருவத்த வரைஞ்சு வச்சது, பாமினிக்கு ஒரு வரிசை, டாபுக்கு ஒண்ணு, டாமுக்கு ஒண்ணு, டிஸ்கிக்கு ஒண்ணு, கம்பெனிக்காரங்க தனித்தனியா வச்சது இன்னும் எத்தனையோ. அந்த ஃபாண்ட் இல்லன்னா அடில இருக்குற அந்த எழுத்துதான் தெரியும். அதனால முதல் வேலை, பழைய கம்ப்யூட்டரோட ஃபாண்ட் ஃபோல்டர எடுத்து வைங்க, எந்த இதழுக்கு எந்த ஃபாண்ட்னு ஒரு தாள்ல எழுதுங்க. பேஜ்மேக்கர் ஓடுற கம்ப்யூட்டர் எங்கயாவது ஒரு டிடிபி சென்டர்ல இருக்கும், அங்க திறந்து ஒவ்வொரு இதழையும் பிடிஎஃபா ஒண்ணு, வெறும் டெக்ஸ்டா ஒண்ணு எடுங்க. பிடிஎஃப்ல பக்கம் எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்கும், டெக்ஸ்ட என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டா இப்ப எல்லா கம்ப்யூட்டர்லயும் தெரியுற யூனிகோடா மாறும். பாமினி மாதிரி ஃபாண்ட்ல நடுவுல வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளையும் தமிழ்னு நினைச்சு மாத்தி வச்சிரும், அத ஒரு ஆள் உக்காந்து படிச்சுத்தான் திருத்தணும். சிடி 25 வருஷம் தாங்கினதே பெரிசு, இந்த மாசமே ஆரம்பிங்க. எத்தன கவிஞர்களோட முதல் கவிதை அதுல மட்டும்தான் இருக்கோ.

ஓசூரிலருந்து ஒரு தங்கச்சி: எங்க ஃபேக்டரில 1994லருந்து ஓடுற டெஸ்டிங் சிஸ்டத்த ஒரே ஒரு அண்ணனுக்குத்தான் தெரியும். மூணு மாசத்துல ரிட்டயர் ஆகுறாரு. அடுத்து நான்தான் பாக்கணும். பயமா இருக்கு, அவர்கிட்ட என்ன கேக்கணும்?

மூணு மாசம் இருக்குமா, நல்ல நேரம். எனக்கு ஒரு இடத்துல மூணு நாள்தான் கிடைச்சது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்கண்ணா"ன்னு கேக்காதீங்க, அவரால முடியாது, 30 வருஷம் கைல செஞ்சது வார்த்தையா வராது. கூடவே நடங்க. காலைல எத முதல்ல ஆன் பண்றாரு, எவ்வளவு நேரம் காத்திருக்காரு, எந்த ஸ்விட்ச்ச ரெண்டு தடவ தட்டுறாரு, எந்த மெசேஜ் வந்தா கண்டுக்காம எண்டர் அடிக்குறாரு, எது வந்தா எழுந்து ஓடுறாரு, அத எல்லாம் நீங்க எழுதுங்க. ஸ்பேர் கார்டு எந்த பீரோவுல, எந்த கடையில வாங்கினாரு, அந்த கடைக்காரர் இப்ப இருக்காரா. பாஸ்வேர்டு. கேபிள் ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி பேரு. டிஸ்க் இமேஜ் எடுத்து அத வேற டிஸ்க்குல போட்டு நிஜமாவே எழும்புதான்னு அவரு இருக்குறப்பவே பாத்துருங்க, போட்டுப் பாக்காத காப்பிய காப்பின்னே எண்ணாதீங்க. ஏன் இப்படின்னு கேளுங்க, ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கும், 1999ல ஒரு நாள் மழை, இடி, அன்னிக்கு ஒரு சென்சார் போச்சுன்னு ஆரம்பிப்பாரு, முழுசா கேளுங்க.

அவரு கிளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு லீவு நாள் பாத்து மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கி, அண்ணன ஒரு நாற்காலி போட்டு பக்கத்துல உக்கார வைங்க, கைய வைக்கக் கூடாது, பேசவும் கூடாதுன்னு சொல்லிருங்க. நீங்களே சிஸ்டத்த முழுசா ஆஃப் பண்ணி, நீங்களே எழுப்பி, ஒரு பீஸ் டெஸ்ட் பண்ணி முடிங்க. எந்த இடத்துல எல்லாம் அவரால பொறுக்க முடியாம வாயத் தொறக்குறாரோ அந்த இடத்துல நிறுத்தி நோட்டுல எழுதிக்குங்க. அடுத்த வாரம் திரும்ப ஒருதடவ பண்ணுங்க, அவரு டீ குடிச்சு முடிக்குற வரைக்கும் பேசாம இருந்தாருன்னா எனக்கு ஒரு கடிதம் போடுங்க.